கழிப்பறைக்கு அடியில இருந்த வரலாறு

அமெரிக்க ஜனாதிபதியா இருந்த தாமஸ் ஜெஃபர்சனோட மான்டிசெல்லோ வீட்டைப் பத்தி படிச்சிட்டு இருந்தப்ப ஒரு தகவல் கண்ணுல பட்டுச்சு, அது அப்படியே மண்டையில உக்காந்துக்கிச்சு. சாலி ஹெமிங்ஸ் தங்கியிருந்ததா கருதப்படுற ரூமை 1941ல சுற்றுலா வர்றவங்களுக்காக ஆம்பளைங்க கழிப்பறையா மாத்தியிருக்காங்க. சாலி ஹெமிங்ஸ் யாருன்னா, ஜெஃபர்சனோட அடிமை, அவர் பொண்டாட்டிக்கு ஒரே அப்பாவுக்குப் பிறந்த தங்கச்சி முறை, அவரோட குறைஞ்சது ஆறு குழந்தைகளுக்கு அம்மா. "எல்லா மனிதரும் சமம்"னு சுதந்திரப் பிரகடனத்துல எழுதின ஆளோட வீட்டுல, அந்தப் பொம்பளை இருந்த இடத்துல டைல்ஸ் ஒட்டி தண்ணிக்குழாய் வச்சிட்டாங்க.

சரி, ஏதோ ஒரு இடத்துல நடந்த அலட்சியம்னு விட்டுடலாம்னு பார்த்தா, ஃபிலடெல்ஃபியாவுலயும் இதே கதை. ஜார்ஜ் வாஷிங்டன் ஜனாதிபதியா இருந்தப்ப, வெள்ளை மாளிகை கட்டி முடிக்கிறதுக்கு முன்னாடி, மார்க்கெட் ஸ்ட்ரீட்ல ஒரு வாடகை வீட்டுல இருந்தார். அந்த வீட்டை 1832ல பெரும்பாலும் இடிச்சாச்சு, மிச்சம் இருந்த சுவரும் 1950கள்ல போச்சு, அப்புறம் அந்த இடத்து மேலேயே ஒரு பொதுக் கழிப்பறை வந்துச்சு. அமெரிக்காவோட முதல் ரெண்டு ஜனாதிபதிகள் குடியிருந்து ஆட்சி பண்ணின வீடு. அதே வீட்டுல ஒன்பது அடிமைங்களும் இருந்தாங்க. மேல கழிப்பறை.

யாரோ உக்காந்து திட்டம் போட்டு இங்க கட்டணும்னு முடிவு பண்ணினாங்கன்னு நான் சொல்லல. அப்படி இருந்தாகூட ஒரு வகையில பரவாயில்ல, அது பகைன்னு புரியும். இங்க பகைகூட இல்ல, அந்த ஆளுங்க அங்க இருந்தாங்கங்கிற நெனப்பே யாருக்கும் வரல. இதை எல்லாரும் "மறந்துட்டாங்க"ன்னு சொல்றாங்க பாருங்க, அந்த இடத்துலதான் எனக்கு ஒத்துக்க முடியல, ஏன்னா மறக்கிற அளவுக்கு தகவல் குறைவா இல்லவே இல்ல. அடிமை முறை மாதிரி அவ்வளவு காகிதம் எழுதின வியாபாரம் ரொம்பக் கம்மி.

காசு சம்பந்தப்பட்ட விஷயம் இல்லையா, எழுதாம விடுவாங்களா. விற்பனைப் பத்திரம், சொத்துப் பட்டியல், வரிக் கணக்கு, உயில், அடமானம், கப்பல் லிஸ்ட், ஓடிப்போனவங்களைப் பிடிச்சுத் தரச்சொல்லி பேப்பர் விளம்பரம். 1838ல ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தை நடத்தின ஜெசூட் பாதிரியாருங்க 272 பேரை லூசியானாவுக்கு 115,000 டாலருக்கு வித்தாங்க, அந்தப் பணத்துல ஒரு பகுதி கல்லூரிக் கடனை அடைக்கப் போச்சு. அதுக்கான ஒப்பந்தம், பேரு, வயசு எல்லாம் ஆவணக் காப்பகத்துல பத்திரமாதான் இருந்துச்சு. 2005ல ஜேபி மார்கன் சேஸ் பேங்க், தன்னோட இணைஞ்ச ரெண்டு பழைய லூசியானா பேங்குங்க கிட்டத்தட்ட 13,000 அடிமைங்களைக் கடனுக்கு ஈடா வாங்கி வச்சிருந்துச்சுன்னு வெளிய சொல்லுச்சு. தானா மனசு வந்து சொல்லல, சிகாகோ மாநகராட்சி தன்னோட வியாபாரம் பண்ற கம்பெனிங்க பழைய அடிமைத் தொடர்பைத் தேடிப் பார்த்துச் சொல்லணும்னு சட்டம் போட்டதால தேடினாங்க. தேடினா கிடைச்சுது. அவ்வளவுதான் விஷயம்.

ஆனா இந்தக் காகிதத்துல ஒரு சூழ்ச்சி இருக்கு, இது புரிஞ்சாதான் மிச்சது புரியும். 1850லயும் 1860லயும் எடுத்த மக்கள்தொகை கணக்கெடுப்புல அடிமைங்களுக்குன்னு தனியா ஒரு படிவம். அதுல முதல் கட்டத்துல பேரு எழுதுவாங்க, யார் பேரு? உரிமையாளர் பேரு. அதுக்கு அடுத்து வயசு, ஆணா பெண்ணா, நிறம், ஓடிப்போனவரா, விடுதலை ஆனவரா, காது கேக்காதவரா, கண்ணு தெரியாதவரா, இப்படிப் போகும். 35, பெண், கறுப்பு. 8, ஆண், கலப்பு. ஒவ்வொரு வரியும் ஒரு ஆளு, ஏதோ சில இடம் தவிர எங்கயும் பேரு கிடையாது. உள்நாட்டுப் போர் முடிஞ்சு விடுதலை வந்தப்புறம் 1870 கணக்கெடுப்புலதான் தெற்கு மாகாணங்கள்ல பெரும்பாலான கறுப்பினத்தவங்களுக்கு முதல்தடவையா பேரும் குடும்பப் பேருமா பதிவாகுது. தன்னோட குடும்ப வேரைத் தேடுற கறுப்பினத்தவங்க கிட்ட கேட்டீங்கன்னா 1870 சுவருன்னு சொல்வாங்க, அதுக்கு முன்னாடி போகணும்னா யாரு நம்ம பாட்டனை வச்சிருந்தான்னு கண்டுபிடிச்சு அவனோட உயிலையும் கணக்கு நோட்டையும் புரட்டணும். கொள்ளுத்தாத்தாவைத் தேட அவரை வாங்கினவனோட குடும்ப மரத்தை முதல்ல வரையணும்னா எப்படி இருக்கும் யோசிச்சுப் பாருங்க.

அதனால மியூசியமும் சிலையும் கல்வெட்டும் பண்ற வேலை சாதாரணம் இல்ல. அந்தக் காகிதம் யார் பக்கத்துலேர்ந்து எழுதப்பட்டதோ அதே பக்கத்துலேர்ந்தே கதையைச் சொல்லிட்டுப் போறது ரொம்ப சுலபம், ஒண்ணுமே பண்ண வேண்டாம், அப்படியே ஒப்பிச்சா போதும். திருப்பிப் போடுறதுக்குத்தான் ஆள் வேணும்.

ஃபிலடெல்ஃபியாவுக்கே திரும்ப வர்றேன், ஏன்னா அங்க ஒரு பொண்ணு இருக்கா. ஓனா ஜட்ஜ். வாஷிங்டன் மனைவி மார்த்தாவோட தனிப்பட்ட பணிப்பெண்ணா இருந்த அடிமை, துணி தைக்கிறதுல கெட்டிக்காரி. பென்சில்வேனியாவுல 1780லயே ஒரு சட்டம் இருந்துச்சு, வெளியூர்க்காரங்க கொண்டு வர்ற அடிமைங்க அங்க ஆறு மாசத்துக்கு மேல இருந்தா விடுதலை. வாஷிங்டன் என்ன பண்ணினார்னா, ஆறு மாசம் முடியறதுக்குள்ள ஆளுங்களை மாத்தி மாத்தி மாகாணத்தை விட்டு வெளிய அனுப்பித் திருப்பிக் கொண்டு வந்தார். இது வதந்தி இல்ல, 1791ல தன்னோட செகரட்டரிக்கு அவரே எழுதின கடிதம் இருக்கு, அந்த ஆளுங்களையும் ஊரையும் ஏமாத்துற மாதிரி ஏதாவது சாக்கு சொல்லி இதைப் பண்ணிடுங்கன்னு. பொய்யே சொல்லாத ஆளுன்னு குழந்தைங்களுக்கு இவரைப் பத்திச் சொல்ற செர்ரி மரக் கதை ஞாபகம் வருதா? எனக்கு வந்துச்சு.

1796 மே மாசம், குடும்பம் வர்ஜீனியாவுக்குக் கிளம்ப மூட்டை கட்டிட்டு இருக்கு, ஓனாவும் மூட்டை கட்டுறா, ஆனா அவங்களுக்கு இல்ல, தனக்கு. தன்னை மார்த்தாவோட பேத்திக்குக் கல்யாணப் பரிசா குடுக்கப் போறாங்கன்னு தெரிஞ்சுபோச்சு. குடும்பம் உக்காந்து சாப்பிட்டுட்டு இருக்கும்போது கதவைத் திறந்து வெளிய நடந்து போயிட்டா. நகரத்துல இருந்த சுதந்திரமான கறுப்பின நண்பர்கள் உதவி பண்ணினாங்க, கப்பல் ஏறி நியூ ஹாம்ப்ஷைர் போய்ச் சேர்ந்தா. பேப்பர்ல விளம்பரம் வந்துச்சு, பத்து டாலர் பரிசு. முகமெல்லாம் மச்சப்புள்ளி, ரொம்பக் கறுத்த கண்ணு, அடர்த்தியான முடின்னு அடையாளம் எல்லாம் சொல்லிட்டு, ஓடிப்போறதுக்கு அவளுக்கு எந்தக் காரணமும் இல்லன்னு ஒரு வரி வேற. எனக்கு அந்த வரிதான் மொத்த விஷயம். நல்லா சாப்பாடு போட்டோம், நல்ல துணி குடுத்தோம், அப்புறம் ஏன் போனா? இதை எழுதினவங்களுக்கு நிஜமாவே புரியல.

அவ போனப்புறம் வாஷிங்டன் ஆளை அனுப்பித் தேடினார், திரும்பி வான்னு சொல்ல வச்சார், அவ வரல. சட்டப்படி அவ கடைசி வரை தப்பிஓடின அடிமைதான், ஏன், நியூ ஹாம்ப்ஷைர்ல அவளுக்குப் பிறந்த குழந்தைங்களும் சட்டப்படி அடிமைங்கதான். வயசான காலத்துல 1840கள்ல ரெண்டு பேர் வந்து பத்திரிகைங்களுக்காகப் பேட்டி எடுத்தாங்க, வறுமையில இருந்தா, புருஷன் குழந்தைங்க எல்லாம் போயாச்சு, அங்க இருந்ததைவிட இங்க கஷ்டம் ஜாஸ்தியாச்சே வருத்தமா இல்லையான்னு கேட்டிருக்காங்க. இல்ல, நான் சுதந்திரமா இருக்கேன்னு சொல்லியிருக்கா. 1848ல செத்தா.

வாஷிங்டன் தன்னோட உயில்ல தனக்குச் சொந்தமான 123 பேருக்கு விடுதலை எழுதி வச்சார், அதையும் சொல்லணும், அந்தக் காலத்து மத்த பெரிய தலைங்க நிறையப் பேர் அதுகூடப் பண்ணல. ஓனா அந்த 123ல வர மாட்டா, அவ மார்த்தாவோட முதல் புருஷன் குடும்பத்துச் சொத்து.

இவ்வளவு தெளிவா ஆவணம் இருக்கிற கதை, பேட்டி அச்சுல இருக்கு, விளம்பரம் இருக்கு, கடிதம் இருக்கு. இருந்தும் 2002ல ஒரு வரலாற்று ஆராய்ச்சியாளர் அந்த வீட்டோட அமைப்பை விவரமா எழுதினப்புறம்தான், புதுசா கட்டிட்டு இருந்த விடுதலை மணி மண்டபத்தோட வாசலுக்குச் சில அடி பக்கத்துலயே அடிமைங்க படுத்த இடம் வருதுன்னு எல்லாருக்கும் உறைச்சுது. சுதந்திரத்தோட சின்னமா அமெரிக்கா காட்டுற மணி அது. அதைப் பார்க்கப் போற ஜனம் அந்த இடத்தைத் தாண்டித்தான் போகணும், ஆனா ஒரு வார்த்தை சொல்லித் தர ஏற்பாடு இல்ல. அந்த ஊர் கறுப்பின மக்கள் ஒரு அமைப்பா சேர்ந்து ஊர்வலம், மனு, கூட்டம்னு வருஷக்கணக்கா விடாம நின்னாங்க. 2007ல தோண்டிப் பார்த்தாங்க, சமையலறை அஸ்திவாரம், வேலைக்காரங்க யார் கண்ணுலயும் படாம போக வர ஒரு சுரங்க நடை எல்லாம் கிடைச்சுது, ஜனங்க மேடை மேல நின்னு எட்டி எட்டிப் பார்த்தாங்க. 2010ல கூரையில்லாத வீடு மாதிரி ஒரு நினைவிடம் திறந்தாங்க. கல்லுல ஒன்பது பேரு: ஓனா, ஹெர்குலிஸ், ஆஸ்டின், மோல், ஜைல்ஸ், பாரிஸ், கிறிஸ்டோஃபர், ரிச்மண்ட், ஜோ. இதுல ஹெர்குலிஸ் சமையல்காரர், பிரமாதமான கை, அவரும் 1797ல வாஷிங்டனோட பிறந்தநாள் அன்னைக்கே, வர்ஜீனியாவுல இருந்த அவரோட பண்ணை மவுன்ட் வெர்னன்லேர்ந்து ஓடிட்டார்.

வடக்கு மாகாணங்களுக்கு அடிமைக் கதையில பங்கே இல்லங்கிற ஒரு நெனப்பு ரொம்பப் பேருக்கு இருக்கு, அமெரிக்கர்களுக்கே இருக்கு. அதை நியூயார்க் உடைச்சுது. நான் அந்த ஊர்ல வேலை பார்த்தப்ப மதிய நேரத்துல பிராட்வே 290ம் நம்பர் பக்கம் நடந்து போறது உண்டு, பெரிய அரசாங்கக் கட்டடம், உள்ள வருமான வரி ஆபீஸ், வாசல்ல ஏர்போர்ட் மாதிரி பெல்ட்டைக் கழட்டச் சொல்லி சோதனை. அந்தக் கட்டடத்துக்கு 1991ல அஸ்திவாரம் தோண்டினப்பத்தான் மனுஷ எலும்பு வந்துச்சு. எதிர்பாராத அதிசயம் ஒண்ணும் இல்ல, 1755ல போட்ட வரைபடத்துலயே கறுப்பினத்தவங்க இடுகாடுன்னு தெளிவா குறிச்சிருக்கு. அந்த வரைபடம் ஆபீசருங்க கையிலயும் இருந்துச்சு. பழைய கட்டடங்களோட அடித்தளம் போட்டதுல எல்லாம் அழிஞ்சிருக்கும்னு நெனச்சாங்க, ஆனா அந்த இடம் ஒரு காலத்துல பள்ளமா இருந்து மேல மண்ணைக் கொட்டி மேடாக்கினதால கல்லறைங்க கிட்டத்தட்ட இருபது அடி ஆழத்துல அப்படியே இருந்துச்சு.

அப்பவும் வேலையை நிறுத்தல. ஒரு பக்கம் எலும்பை எடுக்கிறாங்க, இன்னொரு பக்கம் கட்டட வேலை நடக்குது, ஒரு கட்டத்துல கான்கிரீட் போட்டதுல பல கல்லறை நொறுங்கியும் போச்சு. கறுப்பின மக்கள் தெருவுக்கு வந்தாங்க, ராத்திரி பூரா மெழுகுவர்த்தியோட நின்னாங்க, மேயர் டேவிட் டிங்கின்ஸ் பேசினார், காங்கிரஸ்ல விசாரணை வச்சாங்க, 1992ல தோண்டுறதை நிறுத்தினாங்க. 419 பேரோட உடல் எச்சம் அதுக்குள்ள வெளிய எடுத்தாச்சு. அதை ஆராயற பொறுப்பு வாஷிங்டன் டிசியில இருக்கிற ஹோவர்ட் பல்கலைக்கழகத்துக்கு, அதாவது கறுப்பினத்தவங்களோட பெருமைமிக்க கல்லூரிக்கு, போராடி வாங்கினாங்க. இது சும்மா கௌரவப் பிரச்சினை இல்ல. எலும்பை வச்சு இது எந்த இனம்னு அளந்து எழுதிட்டு மூடி வைக்கிறது பழைய பாணி. மைக்கேல் பிளேக்கி தலைமையில வந்த குழு இவங்க எங்கேர்ந்து வந்தாங்க, என்ன வேலை செஞ்சாங்க, எப்படி வாழ்ந்தாங்கன்னு கேட்டுச்சு. இந்தக் கேள்வியைக் கேட்டதாலதான் தசை ஒட்டற இடமெல்லாம் பாரம் தூக்கித் தூக்கி எலும்பு கிழிஞ்சிருந்தது ஒரு வாழ்க்கையா தெரிஞ்சுது. கிட்டத்தட்ட பாதி குழந்தைங்க.

340ம் எண் கல்லறையில ஒரு பொம்பளை. இடுப்பைச் சுத்தி நூத்துக்கும் மேல பாசிமணி, கூட சோழியும். முன்பல்லை ஒரு வடிவத்துக்கு அரம் போட்டுத் தேய்ச்சிருக்காங்க, அது ஆப்பிரிக்காவுல பண்ற வழக்கம், அப்ப அங்கேயே பிறந்து வளர்ந்தவங்களா இருக்கலாம். கடலைத் தாண்டி வித்து, வேற பேரு வச்சு, நடுத்தர வயசு தாண்டற வரைக்கும் வேலை வாங்கின ஒரு பொம்பளையோட இடுப்பு மணியைக் கழட்டாம, யாரோ அவங்களைச் சேர்ந்தவங்க அப்படியே புதைச்சிருக்காங்க. மணின்னா விலை இருக்கு, உசுரோட இருக்கிறவங்களுக்கு உபயோகப்படும், அப்பவும் அவங்களுக்கே விட்டுட்டாங்க. அந்தக் காலத்து நியூயார்க் சட்டப்படி அடிமைங்க சாவுக்கு பன்னிரண்டு பேருக்கு மேல கூடக்கூடாது, இருட்டினப்புறம் புதைக்கக் கூடாது. எத்தனை சரித்திரப் புத்தகம் படிச்சாலும் இந்த ஒரு கல்லறை சொல்ற அளவுக்கு எனக்கு எதுவும் சொல்லல.

2003ல 419 பேரையும் கானாவுல கையால செதுக்கின பெட்டிங்கள்ல வச்சுத் திரும்ப அங்கேயே புதைச்சாங்க, ஏழு புல்மேடு இருக்கும் பாருங்க, அதுதான். 2006ல தேசிய நினைவுச்சின்னம்னு அறிவிச்சாங்க. மதிய வெயில்ல ஆபீஸ் ஆளுங்க அங்க உக்காந்து சாண்ட்விச் சாப்பிடுவாங்க, சிலருக்கு அது என்ன இடம்னு தெரியாது, எனக்கு அதுல கோபம் இல்ல.

தெற்குல கதையே வேற, அங்க தெரியாம விட்டது கம்மி, தெரிஞ்சே மாத்திச் சொன்னது ஜாஸ்தி. லூசியானாவுல கோல்ஃபாக்ஸ்னு ஒரு சின்ன ஊர். 1873 ஏப்ரல் 13, ஈஸ்டர் ஞாயிறு. தேர்தல் தகராறுல கோர்ட் கட்டடத்தைக் காத்து நின்ன கறுப்பினத்தவங்களை வெள்ளைக்காரக் கும்பல் பீரங்கியோட வந்து சுத்தி வளைச்சு, கட்டடத்துக்குத் தீ வச்சு, சரணடைஞ்சவங்களையும் ராத்திரி சுட்டுக் கொன்னுச்சு. எத்தனை பேர்னு சரியான கணக்கே கிடையாது, 60லேர்ந்து 150 வரை சொல்றாங்க. வெள்ளைக்காரங்க பக்கம் மூணு பேர். தண்டிக்கப்பட்ட சில பேரையும் 1876ல உச்ச நீதிமன்றம் விடுவிச்சிருச்சு. இப்ப பாருங்க, 1921ல அந்த ஊர் இடுகாட்டுல ஒரு தூண் நட்டாங்க, அந்த மூணு பேருக்கு மட்டும், வெள்ளையர் மேலாதிக்கத்துக்காகப் போராடி விழுந்த வீரர்கள்னு வெளிப்படையா செதுக்கி. 1950 வாக்குல மாநில அரசே ஒரு பலகை வச்சுது: இங்க கோல்ஃபாக்ஸ் கலவரம் நடந்தது, மூணு வெள்ளையரும் 150 நீக்ரோக்களும் கொல்லப்பட்டாங்க, தெற்குல வடக்கத்தியாரோட தவறான ஆட்சிக்கு இதோட முடிவு வந்துச்சுன்னு. 150ன்னு எண்ணிக்கையை எழுதிட்டு, அதை நல்ல செய்தி மாதிரி முடிச்சிருக்காங்க. எண்ணிக்கையை மறைக்கணும்னுகூடத் தோணல அவங்களுக்கு.

அந்தப் பலகையை 2021ல எடுத்தாங்க. 2023ல, சரியா 150 வருஷம் கழிச்சு, கொல்லப்பட்ட கறுப்பினத்தவங்க பேரைச் செதுக்கின கிரானைட் நினைவுச்சின்னம் வந்துச்சு. அதுக்கு அலைஞ்சவங்கள்ல கொல்லப்பட்டவரோட வம்சத்துல வந்தவரும் உண்டு, கொன்ன கும்பல்ல இருந்தவரோட வம்சத்துல வந்தவரும் உண்டு. இனம் பத்தின பேச்செல்லாம் ஜனங்களைப் பிரிச்சிடும்னு சொல்றவங்க இந்த ரெண்டு பேரையும் ஒரு தடவை நெனச்சுப் பார்க்கலாம்.

உள்நாட்டுப் போர்ல பிரிஞ்சு போன தெற்குக்காகச் சண்டை போட்ட கான்ஃபெடரேட் ஆளுங்களோட சிலைங்க பத்தி 2020ல எல்லாரும் பேசியாச்சு, நான் புதுசா சொல்ல ஒண்ணும் இல்ல. ஒண்ணே ஒண்ணு, அதுல பெரும்பாலானது போர் முடிஞ்ச சோகத்துல வச்சது இல்ல, அது முடிஞ்சு ஒரு தலைமுறை கழிச்சு, கறுப்பினத்தவங்களோட ஓட்டுரிமையைப் பிடுங்கிட்டு இருந்த அதே வருஷங்கள்ல வரிசையா வச்சது. தேதியைப் பாருங்க, போதும்.

மான்டிசெல்லோவுல என்ன ஆச்சுன்னு சொல்லாம விட்டுட்டேன். சாலியோட பையன் மேடிசன் ஹெமிங்ஸ் 1873லயே ஒரு ஒஹாயோ பத்திரிகையில எங்க அப்பா ஜெஃபர்சன்னு பேரைச் சொல்லியே சொல்லிட்டார். நூறு வருஷத்துக்கு மேல பெரிய பெரிய வரலாற்று ஆசிரியருங்க அதை நம்பல, எஜமானோட சொந்தக்காரங்க சொன்ன மறுப்பு மட்டும் அவங்களுக்குச் சாட்சியா பட்டுச்சு. 1998ல டிஎன்ஏ சோதனை வந்துச்சு, 2000ல அந்த வீட்டை நடத்துற அறக்கட்டளையே ஒத்துக்கிச்சு. விஞ்ஞானம் நிரூபிச்சுதுன்னு எல்லாரும் கொண்டாடினாங்க. எனக்கு அதுல ஒரு கசப்பு இருக்கு, ஒரு கறுப்பின மனுஷன் தன் அம்மா அப்பா யாருன்னு சொன்னதை நம்புறதுக்கு லேப் ரிப்போர்ட் கேட்ட நாடு, அவர் அப்பாவோட வார்த்தைக்கு எந்த ரிப்போர்ட்டும் கேட்டதில்ல. 2018ல கழிப்பறையெல்லாம் எடுத்துட்டு சாலிக்குன்னு ஒரு கண்காட்சி திறந்தாங்க. அவங்க படம் ஒண்ணுகூட கிடையாதுங்கிறதால சுவர்ல நிழலுருவமும் மேடிசனோட வார்த்தைகளும்தான். இதுக்கெல்லாம் முன்னாடியே 1993லேர்ந்து அங்க அடிமைங்களா இருந்தவங்களோட வாரிசுங்களைத் தேடிப் போய் வாய்மொழிக் கதையைப் பதிவு பண்ணிட்டு இருந்தாங்க, அந்த வேலை இல்லன்னா சுவர்ல எழுத ஒண்ணும் இருந்திருக்காது.

இதுல எல்லாம் எனக்கு ரொம்பப் பிடிச்சது அலபாமாவுல மான்ட்காமரியில 2024ல வச்ச ஒண்ணு. வக்கீல் பிரையன் ஸ்டீவன்சனோட அமைப்பு ஏற்கனவே 2018ல அங்க கும்பல் கொலை செய்யப்பட்டவங்களுக்காக, மாவட்டத்துக்கு ஒண்ணுன்னு 800க்கும் மேற்பட்ட இரும்புத் தூண்களைத் தொங்கவிட்டு நினைவிடம் கட்டியிருந்துச்சு. இது வேற, ஆத்தங்கரையில ஒரு சிற்பப் பூங்கா, அதோட முடிவுல திறந்து வச்ச புத்தகம் மாதிரி 43 அடி உயரச் சுவரு. அதுல 122,000 குடும்பப் பேரு. எங்கேர்ந்து எடுத்தாங்க? அதே 1870 கணக்கெடுப்புலேர்ந்து. எந்த வருஷம் சுவரா நின்னு மறிச்சுதோ அதையே சுவரா எழுப்பிட்டாங்க, ஜனங்க வந்து விரலை வச்சு தங்களோட பேரைத் தேடுறாங்க.

கடைசியா, சமீபத்துல நடந்தது. 2025 மார்ச்ல அமெரிக்க வரலாற்றுக்கு உண்மையும் தெளிவும் மீட்குறோம்னு ஒரு ஜனாதிபதி ஆணை வந்துச்சு, தேசியப் பூங்காத் துறை இடங்கள்ல கடந்த கால அமெரிக்கர்களைத் தாழ்த்துற மாதிரி எழுதினது இருந்தா சரி பண்ணணும்னு. 2026 ஜனவரியில ஃபிலடெல்ஃபியா நினைவிடத்துல இருந்த அடிமை முறை விளக்கப் பலகைங்களை ஆளுங்க வந்து கழட்டிட்டுப் போனாங்க, நகராட்சி உடனே கோர்ட்டுக்குப் போச்சு. யாரைத் தாழ்த்துதுன்னு யோசிச்சா எனக்குச் சிரிப்புதான் வருது, அந்தப் பலகைங்களோட அடிப்படை என்னன்னா வாஷிங்டன் கையெழுத்துப் போட்ட கடிதம், வாஷிங்டன் வீட்டுலேர்ந்து குடுத்த விளம்பரம், வாஷிங்டன் வீட்டுக் கணக்கு. அந்த ஊர்க்காரங்க மறுபடி தெருவுக்கு வந்துட்டாங்க, பழைய ஆளுங்க நிறையப் பேர் அதே கூட்டத்துல, இருபது வருஷத்துக்கு முன்னாடி எதுக்கு நின்னாங்களோ அதுக்கே திரும்பவும்.